விறகு காயும் காலமும் அதை விற்கும் தொழிலும்

மாதச் சம்பளத்துக்கு ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டே, மிஞ்சும் நேரத்தில் விறகு விற்று வருகிறேன். முழுநேரத் தொழிலாகச் செய்பவரைவிட உபதொழிலாகச் செய்பவரால்தான் விறகு வியாபாரத்தை ஒழுங்காகச் செய்ய முடியும் என்பது என் உறுதியான கருத்து. வெட்டிய மரம் நல்ல விறகாவதற்கு மாதக்கணக்கில், சில மரங்களுக்கு ஆண்டுக்கணக்கில், அவகாசம் வேண்டும். அடுத்த வாரச் செலவுக்கே விறகு விற்ற பணத்தை நம்பியிருப்பவர் அந்த அவகாசத்தைக் கொடுக்க முடியாமல் பச்சை மரத்தையே விற்க நேர்கிறது; அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு வருமானம் உள்ளவருக்கோ அந்த நெருக்கடி இல்லை. அவர் தம் அன்றாட வேலையில் இருக்கும் நேரமெல்லாம் அவருடைய சரக்கு வெயிலிலும் காற்றிலும் காய்ந்து, யாருடைய கூலியும் இல்லாமல் தரம் கூடிக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு வசதியைப் புரிந்துகொண்டு அதைச் சுற்றியே தொழிலை அமைத்துக்கொண்டால், மற்றவை எல்லாம் உழைப்பும் கணக்கும்தான்.

முதலில் ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பெரும்பாலும் பாதியளவு தண்ணீர்தான். எரிப்பதற்கு ஏற்ற விறகில் அது 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதைப் பல நாடுகளிலும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2021 மே முதல், இரண்டு கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதைவிடப் பெரிய அளவில் விற்பவர், வாங்குபவருக்கு அதை எப்படி உலர்த்துவது என்ற குறிப்பையும் சேர்த்துத் தர வேண்டும். சிறு வியாபாரிக்கு இது சுமையாகத் தோன்றலாம். எனக்கு இது நியாயமான சட்டமாகவே படுகிறது, ஏனென்றால் வாங்குபவரின் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதை ஈரம்தான் தீர்மானிக்கிறது.

அதை ஒரு கணக்காகவே பார்க்கலாம். பாதிக்குப் பாதி ஈரம் உள்ள 100 கிலோ பச்சை விறகில் மரப்பொருள் 50 கிலோ, தண்ணீர் 50 கிலோ. அதே விறகு 20 சதவீத ஈரத்துக்கு வந்துசேரும்போது அதன் எடை 62.5 கிலோவாகிவிடும், மரப்பொருள் அப்படியே 50 கிலோ இருக்க, மற்ற தண்ணீரெல்லாம் காற்றோடு போயிருக்கும். முழுக்க உலர்ந்த மரம் கிலோவுக்கு ஏறத்தாழ 18 முதல் 19 மெகாஜூல் வெப்பம் தருகிறது. பச்சை விறகை எரிக்கும்போது அந்த வெப்பத்தில் ஒரு பகுதி உள்ளிருக்கும் தண்ணீரை ஆவியாக்குவதற்கே செலவாகிவிடுவதால், கிலோவுக்கு எட்டு மெகாஜூல் அளவில்தான் மிஞ்சும். 20 சதவீத ஈரமுள்ள விறகில் அது 14 மெகாஜூலைத் தாண்டும். ஆகவே எடை போட்டுப் பச்சை விறகை விற்பவர், பாதித் தராசில் தண்ணீரை வைத்து விற்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

எந்த மரத்து விறகு சிறந்தது என்ற கேள்விக்கான விடையும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஒரே அளவு உலர்ந்த நிலையில், எடைக்கு எடை பார்த்தால் பெரும்பாலான மரங்கள் தரும் வெப்பத்தில் பெரிய வேறுபாடு இல்லை. பிசின் மிகுந்த ஊசியிலை மரங்கள் சற்றுக் கூடுதலாகவே தருகின்றன. அளவுக்கு அளவு பார்க்கும்போதுதான் வைரம் பாய்ந்த கன மரம் முன்னே நிற்கிறது, ஏனென்றால் அதே இடத்தில் அதிக மரப்பொருள் அடங்கியிருக்கிறது. கன மரம் மெதுவாக எரிந்து நெடுநேரம் தணல் நிற்கும். இலகு மரம் சட்டென்று பற்றி விரைவில் எரிந்து தீரும். அடுப்பு மூட்டுவதற்கு ஒன்றும் நின்று எரிவதற்கு இன்னொன்றுமாக இரண்டையும் தனித்தனியே அடுக்கி வைத்துக்கொண்டால், மற்ற இடங்களில் யாரும் வாங்க மறுக்கும் இலகு மரத்துக்கும் மதிப்பு வந்துவிடும்.

மரம் எப்படிக் காய்கிறது என்பதை ஒரு கட்டையின் வெட்டுமுகத்தைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். வெட்டிய புதிதில் அது வழவழப்பாக, தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். நாளாக ஆக நிறம் மங்கி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மெல்லிய கீறல்கள் ஓடத் தொடங்கும்; பிறகு அவை நகம் நுழையும் அளவுக்கு அகன்று, பட்டை தானாகவே விலகிக்கொடுக்கும். ஈரம் வெளியேறும் முக்கியமான வழி அந்த வெட்டுமுகம்தான். மரம் உயிரோடு இருந்தபோது நீரை மேலே ஏற்றிய நுண்குழல்கள் நீளவாக்கில் ஓடுவதால், ஈரம் குறுக்கே கசிவதைவிட நீளவாக்கில் பன்மடங்கு வேகமாக வெளியேறுகிறது. பட்டையோ ஈரத்தை எளிதில் வெளியே விடாது. பட்டை சுற்றிய நீண்ட உருட்டுக்கட்டையை ஆண்டுக்கணக்கில் போட்டு வைத்தாலும் அதன் உள்மரம் ஈரமாகவே இருந்து, கடைசியில் காய்வதற்கு முன்பே மக்கத் தொடங்கிவிடும். அதனால் மரம் வந்து இறங்கியதும் முதல் வேலையாக அதைக் குட்டையாக அறுத்துப் பிளந்துவிட வேண்டும். தடிமன் இரண்டு மடங்கானால் காயும் காலம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், கோடாலியை இன்னொரு முறை ஓங்குவது வீணான உழைப்பாகத் தோன்றாது. பச்சை மரம் பெரும்பாலும் எளிதில் பிளக்கும் என்பதும் ஒரு வசதி. கணு நிறைந்த கட்டைகளுக்கு மட்டும் ஆப்பும் சம்மட்டியும் தேவைப்படும்.

பிளந்ததை அடுக்கும் முறையில்தான் பலரும் அலட்சியம் காட்டுகிறார்கள். குவியலாகக் கொட்டி, மேலே தார்ப்பாயைப் போட்டு நாற்புறமும் இறுக்கிக் கட்டிவிட்டால் உள்ளே காற்றோட்டம் நின்று பூஞ்சைதான் வளரும். தரையில் படாமல், கல்லோ கழியோ கொடுத்து ஒரு சாண் உயரத்தில் தூக்கி, ஒரே வரிசையாக, வெட்டுமுகம் காற்று வரும் திசையைப் பார்க்கும்படி அடுக்க வேண்டும். மழை படாதபடி தலைப்பக்கத்தை மட்டும் மூடினால் போதும். பக்கவாட்டைத் திறந்தே விட வேண்டும். இரண்டு வரிசைகளுக்கு நடுவில் ஆள் நுழையும் இடைவெளி இருந்தால் காற்றும் நன்றாக ஓடும், பாம்பும் தேளும் ஒளிந்திருந்தால் கண்ணிலும் படும். கையுறை இல்லாமல் அடுக்கில் கை வைக்கவே கூடாது. வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்குவதையும் நான் தவிர்க்கிறேன். கரையான் அங்கிருந்து வீட்டுக்குள் போவதற்கு அது நேர்வழியாகிவிடும். வரிசையின் இரு முனைகளிலும் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி வைத்தால் முட்டுக் கொடுக்காமலேயே அடுக்கு நிற்கும். ஆனாலும் மார்பளவு உயரத்துக்கு மேல் போக வேண்டாம். காயும்போது மரம் சுருங்குவதால் அடுக்கு மெல்ல ஒரு பக்கம் சாயத் தொடங்கும், பக்கத்தில் குழந்தைகள் விளையாடும் இடமாக இருந்தால் அது பெரிய ஆபத்து.

இவ்வளவு செய்த பிறகும் விறகு முற்றிலும் ஈரமற்றதாகிவிடாது. காற்றில் உள்ள ஈரத்தோடு மரம் ஒரு சமநிலைக்கு வந்து நின்றுவிடும்: காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும் இடத்தில் மரத்தின் ஈரம் 12 சதவீத அளவில் நிற்கும், காற்று 80 சதவீத ஈரத்தோடு இருந்தால் 16 சதவீத அளவில் நிற்கும். மழைக்காலம் நீண்டால் காய்ந்த விறகும் மறுபடி கொஞ்சம் ஈரம் வாங்கிக்கொள்ளும். எனவே காய்ந்த சரக்கை மழைக்கு முன்பே கூரைக்கு அடியில் மாற்றிவிடுவது நல்லது.

காய்ந்துவிட்டதா என்பதை அறியப் பழைய வழி, இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பது. பச்சை விறகு தொம்மென்று அடங்கிய ஒலி தரும். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும். இது நல்ல முதல் சோதனை, ஆனால் விற்பனைக்கு இதை மட்டும் நம்பக் கூடாது. ஈரமானி என்ற சிறு கருவி கிடைக்கிறது. அதன் இரு ஊசிகளை மரத்தில் குத்தினால், இடையில் மின்னோட்டத்துக்கு எவ்வளவு தடை இருக்கிறது என்பதைக்கொண்டு ஈரத்தைக் காட்டும். வெளிப்பரப்பில் குத்தி எடுக்கும் அளவுக்கு மதிப்பில்லை, வெளிப்பரப்பு எப்போதும் முதலில் காய்ந்துவிடும். அடுக்கின் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அங்கேயே இரண்டாகப் பிளந்து, புதிதாகத் திறந்த உள்முகத்தின் நடுவில் ஊசியைக் குத்த வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தச்சு மரத்துக்கென்று செய்த கருவிகள் பெரும்பாலும் உலர்ந்த மரப்பொருளின் எடையை அடிப்படையாகக் கொண்டு ஈரத்தைக் காட்டுகின்றன. விறகுக்குச் சொல்லப்படும் 20 சதவீதமோ மொத்த எடையில் தண்ணீரின் பங்கு. கருவியில் 25 என்று காட்டினால் அது விறகுக் கணக்கில் 20-க்குச் சமம். கருவி வாங்க வசதியில்லாதவர், சில துண்டுகளுக்கு அடையாளமிட்டு அவ்வப்போது எடை போட்டுக் குறித்து வரலாம். வறண்ட பருவத்தில் எடை குறைவது நின்றுவிட்டால் அந்த அடுக்கு விற்பனைக்குத் தயார்.

அடுத்தது அளவு. விறகை எடையில் விற்பதா, அடுக்கிய கன அளவில் விற்பதா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை: கன அளவில் விற்பதுதான் நேர்மைக்கு வசதியானது. எடையில் விற்றால், விறகைக் காயவைக்கக் காயவைக்க விற்பவருக்குத்தான் நட்டம். நல்ல சரக்கைத் தருபவரைத் தண்டிக்கும் முறை அது. ஈரத்தின் அளவையும் சேர்த்துச் சொல்லி விற்றால் மட்டுமே எடைக்கணக்கு நியாயமாகும். கன அளவிலும் ஏமாற்ற வழி இல்லாமல் இல்லை. ஒரு கன மீட்டருக்குள் நெருக்கமாக அடுக்கிய விறகில் உண்மையான மரம் சுமார் 0.6 முதல் 0.7 கன மீட்டர்தான், மற்றது இடைவெளி. அதே விறகை அடுக்காமல் வண்டியில் கொட்டினால் ஏறத்தாழ ஒன்றரை கன மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். அமெரிக்காவிலும் கனடாவிலும் வழங்கும் ‘கார்டு’ என்ற அளவு 8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம் கொண்ட அடுக்கு, அதாவது 128 கன அடி. அதிலும் திட மரம் பெரும்பாலும் 80 முதல் 90 கன அடிதான் தேறும். ஆகவே அளவைச் சொல்லும்போது அடுக்கிய அளவா, கொட்டிய அளவா என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். நான் வாங்குபவர் கண்முன்னே ஓர் அளவுச் சட்டகத்துக்குள் அடுக்கிக் காட்டிவிட்டே வண்டியில் ஏற்றுகிறேன். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் அதன்பிறகு அளவைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

மரம் எங்கிருந்து வரும்? காற்றில் சாய்ந்த மரங்கள், கிளை கழித்தவை, காய்ப்பு ஓய்ந்து அகற்றப்படும் தோப்பு மரங்கள், கட்டடம் கட்டுவதற்காக அகற்றப்படுபவை, மர அறுவை ஆலையில் மிஞ்சும் பட்டைப் பலகைகள் என்று சிறிய அளவில் தொழில் செய்பவருக்கு வேண்டியது கிடைத்துக்கொண்டே இருக்கும். உயிரோடு நிற்கும் மரத்தை விறகுக்காக மட்டும் வெட்டுவதில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வெட்ட வெட்டத் தழைக்கும் மரங்களை இதற்கென்றே வளர்த்துச் சுழற்சி முறையில் வெட்டுவது வேறு, அது பயிர்த்தொழில். காய்ந்து நிற்கும் மரமென்றாலும் பொந்துகள் இருந்தால் அதை விட்டுவிடுவதே நல்லது. ஆந்தையும் கிளியும் மரங்கொத்தியும் குடியிருக்கும் வீடு அது, அதிலிருந்து கிடைக்கும் உளுத்த மரமும் விறகுக்கு அவ்வளவாக உதவாது. மரம் யாருக்குச் சொந்தம், வெட்டவும் ஏற்றிச்செல்லவும் அனுமதி வேண்டுமா என்பவற்றை இடத்துக்கு இடம் மாறும் விதிகளின்படி முன்பே கேட்டறிந்து, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி மரத்தில் வாளை வைப்பது சரியல்ல.

விற்கவே கூடாதவையும் உண்டு. வண்ணம் பூசிய மரம், பசையிட்டு ஒட்டிய பலகை, பூச்சி அரிக்காமலிருக்க ரசாயனம் ஏற்றிய கம்பம் ஆகியவற்றை இலவசமாகவே தருவார்கள், வாங்கக் கூடாது. தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றிய மரத்தை எரித்தால் ஆர்செனிக் புகையிலும் சாம்பலிலும் வந்து சேரும். அரளி நச்சு மரம். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போகும். இவற்றைப் பிற மரத்தோடு கலந்துவிடாமல் வெட்டும் இடத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

விறகை வெகுதூரம் கொண்டுபோவதிலும் பொறுப்பு வேண்டும். கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த எமரால்டு ஆஷ் போரர் என்னும் பச்சை நிற வண்டு 2002-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் கண்டறியப்பட்டது. அதன் புழுக்கள் பட்டைக்கு அடியில் குடைந்து வாழ்பவை. அந்த வண்டு புதிய இடங்களுக்குப் பரவியதில் மக்கள் வண்டியில் எடுத்துச்சென்ற விறகுக்குப் பெரும் பங்கு உண்டு. கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் பட்டுப்போயின. மரம் விழுந்த வட்டாரத்திலேயே அதை விற்றுவிடுவது போக்குவரத்துச் செலவையும் மிச்சப்படுத்தும், இத்தகைய கேட்டுக்கும் இடம் கொடுக்காது.

உழைப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விறகுத் தொழிலில் லாபத்தை அரித்துத் தின்பது, ஒரே துண்டைத் திரும்பத் திரும்பக் கையால் தூக்குவதுதான். அறுத்த இடத்திலிருந்து பிளக்கும் இடத்துக்கு, அங்கிருந்து அடுக்குக்கு, அடுக்கிலிருந்து கொட்டகைக்கு, கொட்டகையிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து வாங்குபவர் வாசலுக்கு என்று ஒவ்வொரு முறை கைமாறும்போதும் நேரமும் முதுகும் செலவாகின்றன. பிளக்கும் மேடையை அடுக்கின் பக்கத்திலேயே வைத்து, அடுக்கையே வண்டி வந்து நிற்கும் வழியில் அமைத்தால் இரண்டு கைமாற்றங்கள் குறையும். கணக்கு எழுதும்போது எரிபொருள், வாள் சங்கிலி, அரம், வண்டி வாடகை ஆகியவற்றோடு தம் சொந்த உழைப்புக்கும் ஒரு கூலியை எழுத வேண்டும். அதை விட்டுவிட்டுப் பார்க்கும் லாபம் பொய்யான லாபம். வண்டி ஏற்றுவதிலும் ஏமாந்துவிடக் கூடாது. கன மரத்தில் ஒரு கன மீட்டர் அடுக்கு காய்ந்த நிலையில் 450 கிலோ அளவில் இருக்கும். பச்சையாக இருந்தால் 650 கிலோவைத் தொடும். பார்வைக்கு இரண்டும் ஒரே பாரம்தான், ஆனால் சிறிய வண்டியின் அச்சும் பிரேக்கும் அந்த வேறுபாட்டை உணரும். இயந்திர வாளைப் பிடிப்பவர் தலைக்கவசம், கண் மறைப்பு, காது மூடி, வெட்டுத் தாங்கும் கால்சட்டை ஆகியவை இல்லாமல் அதை இயக்கவே வேண்டாம். வாள் நுனியின் மேற்பகுதி எதிலாவது பட்டால் வாள் கண்ணிமைக்கும் நேரத்தில் பிடிப்பவர் முகத்தை நோக்கி எகிறும். வேலை முடிந்து களைத்து வந்த மாலையில் பிளக்கலாம், அடுக்கலாம். வாளைத் தொடுவதை ஓய்வு நாளின் காலைப் பொழுதுக்கு வைத்துக்கொள்ளலாம்.

விறகுப் புகை உடலுக்குக் கேடு என்று தெரிந்தும் அதை விற்கலாமா என்ற கேள்வியை நான் தள்ளிவிடுவதில்லை. மரம், கரி, சாணம், மண்ணெண்ணெய் போன்றவற்றை வீட்டுக்குள் எரிப்பதால் எழும் மாசு 2020-இல் ஏறத்தாழ 32 லட்சம் உயிர்களைப் பறித்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. வேறு எரிபொருளுக்கு மாற முடிந்தவர்கள் மாறுவதே நல்லது என்பதை வாங்க வருபவரிடமும் சொல்வேன். மாற முடியாதவருக்கும், விறகே பொருத்தமான வேலைகளுக்கும் ஈர விறகு போய்ச்சேரக் கூடாது என்பதுதான் என் அக்கறை. ஈர விறகு எரியாமல் புகைகிறது. அந்தப் புகையில் உள்ள எரியாத பொருள்கள் புகைபோக்கியின் உட்சுவரில் தார்போலப் படிந்து, ஒருநாள் அதுவே தீப்பற்றும். ஆகவே விறகை இறக்கும்போதே, காற்றோட்டத்தைக் குறைத்துப் புகையவிட வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், புகைபோக்கியை ஆண்டுக்கு ஒருமுறையாவது துடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வருகிறேன். அடுப்பின் வாய் எவ்வளவு அகலம் என்று கேட்டு அதற்கேற்ற நீளத்தில் அறுத்துக் கொடுத்தால், கட்டை பாதி வெளியே நீட்டிக்கொண்டு புகைவதும் குறையும்.

தொடங்க நினைப்பவர் முதல் ஆண்டில் வருமானத்தை எதிர்பார்க்க வேண்டாம். மழை ஓய்ந்து வறண்ட பருவம் தொடங்கும் நேரத்தில் மரத்தைச் சேர்த்து, அறுத்து, பிளந்து, அடுக்கிவிட்டால், இலகு மரம் அந்த ஒரு பருவத்திலேயே விற்பனைக்கு வந்துவிடலாம். கன மரத்துக்கு அடுத்த ஆண்டும், ஓக் போன்றவற்றுக்கு இரண்டு ஆண்டும் ஆகும். ஒவ்வோர் அடுக்கின் முனையிலும் மரத்தின் பெயரையும் பிளந்த மாதத்தையும் எழுதிய ஒரு பலகையைத் தொங்கவிட வேண்டும். இரண்டாம் ஆண்டு முதல், விற்றுத் தீரும் அடுக்கின் இடத்தில் உடனே புதிய பச்சை மரம் ஏறிவிட வேண்டும். தேவை கூடும் பருவத்தில் காய்ந்த சரக்கு தீர்ந்துபோனால், பக்கத்து அடுக்கில் பாதி காய்ந்ததைக் கேட்டு ஆள் வரும், கூடுதல் விலையும் தருவதாகச் சொல்வார்கள். பலகையில் எழுதிய மாதத்தைக் காட்டி, அது அடுத்த பருவத்துக்கு உரியது என்று சொல்லி அனுப்பிவிடலாம். அன்றைய வீட்டுச் செலவுக்குத்தான் சம்பளம் இருக்கிறதே.